கதிரிலேயே முளைக்கும் குறுவை நெல்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் துண்டில் ஒரு பிடிக் கதிரை முடிந்து எடுத்து வந்தார். சாய்ந்து மூன்று நாள் தண்ணீரில் கிடந்த குறுவை. மணிகளின் நுனியில் வெள்ளை முளை. "ஐயா, விதையே கெட்ட விதையா?" என்று கேட்டார். விதைப் பரிசோதனை வேலையில் இருக்கும் எனக்கு ஒவ்வொரு ஐப்பசியிலும் வரும் கேள்வி இது. விதையில் குற்றமில்லை. "இப்போது முளைக்காதே" என்று மணிக்குள் எழ வேண்டிய கட்டளை, அந்த இரகத்தில் வலுவில்லாமல் இருக்கிறது.

முளைப்புக்கான மரபணுக்கள் பால் பிடிக்கும் நாளிலேயே மணிக்குள் இருக்கின்றன. எது எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பூத்த சில நாள்களில் மாவுச்சத்தைக் கட்டும் மரபணுக்கள் விழிக்கின்றன. சோறு உதிரியாக வருமா, குழையுமா என்பதில் பெரும்பங்கு வகிக்கும் 'வாக்ஸி' மரபணு அவற்றில் ஒன்று. மணி முற்றும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன், விபி1 என்ற புரதத்தின் துணையோடு முளைப்பை அடக்கி வைக்கிறது. மக்காச்சோளத்தில் விபி1 பழுதானால் மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும். நெல்லில் விபி1 தூண்டிவிடும் எஸ்டிஆர்4 மரபணு விதை உறக்கத்தை நிலைநிறுத்துகிறது. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள்.

இந்தக் காவல் தளர்ந்த மணியில் மழைநீர் ஏறினால், கரு முளைப்பைத் தூண்டும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. தவிட்டு அடுக்கு ஆல்பா அமைலேஸ் நொதியை உண்டாக்குகிறது. ஒரு மாதம் சேர்த்த மாவு சர்க்கரையாகக் கரைகிறது. அதன் பிறகு எவ்வளவு காயவைத்தாலும் அந்த அரிசி மீளாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்புக்காக மட்டும் பதறுகிறோம்; உள்ளே கரைந்துபோன மாவு யார் கண்ணிலும் படுவதில்லை.

காவல் ஏன் தளர்ந்தது? விதைத்தவுடன் எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம்தான். அந்த வசதிதான் மழையில் அறுக்கும் பட்டத்தில் நம்மைக் கவிழ்க்கிறது. குறுவைக்கு இரண்டு மூன்று வாரம் உறங்கும் இரகம் வேண்டும். உறக்கம் நீங்காத விதையை நாற்றங்காலுக்கு முன் 0.5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து எழுப்பிவிடலாம். முளைத்துவிட்டதை யாராலும் உறங்கவைக்க முடியாது.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, முற்றிய கதிர்களில் நூறு மணி உதிர்த்து ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள். ஏழு நாளில் பாதிக்கு மேல் முளைத்தால் அந்த வயலை முதலில் அறுங்கள். சாய்ந்த பயிருக்கு வரப்பை வெட்டி நீரை வடித்துவிடுவது அன்றே செய்ய வேண்டிய வேலை.

சான்று விதை மூட்டையின் அட்டையில், நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் என்று இருக்கும். எத்தனை நாள் உறங்கும் என்று இருக்காது. அடுத்த குறுவைக்கு விதை வாங்கும்போது அதைக் கேளுங்கள்.