கேட்கக் கூடாத பேச்சுக்குக் கணக்கு கேட்பது எப்படி?

அமெரிக்காவில் காது கேளாத ஒருவர் பல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்க வேண்டும். வீட்டு வீடியோ ஃபோனில் மருத்துவமனையின் எண்ணை அழுத்துகிறார். திரையில் முதலில் வருவது எங்கோ ஓர் அழைப்பு மையத்தில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர். கை அசைவு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கோடும் பூவும் இல்லாத ஒரே நிறச் சட்டை போட்டிருக்கிறார். மறுமுனையில் வரவேற்பறைப் பெண் ஃபோனை எடுத்ததும், "எனக்கு வியாழக்கிழமை காலையில் நேரம் கிடைக்குமா?" என்று மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுக்கிறார். "அவருக்கு" என்று சொல்வதில்லை, "எனக்கு" என்றுதான் சொல்வார். அந்தப் பெண் சொல்லும் பதில் அவர் கைகளில் சைகையாக மாறுகிறது. பேசியவர் நோயாளிதான், இடையில் இருப்பவர் வெறும் குரலும் கையும்.

இதற்குப் பெயர் ரிலே சேவை. இதன் வேர் 1964இல் இருக்கிறது. ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர், தானே காது கேளாதவர், பழைய டெலிபிரிண்டர்களைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பேச வைக்கும் கருவியைச் செய்தார். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் படிக்கலாம். ஆனால் இரண்டு முனையிலும் அந்த இயந்திரம் இருக்க வேண்டும். பல் மருத்துவரிடமோ மளிகைக் கடையிலோ அது எங்கே இருக்கும்? அதனால் நடுவில் ஒரு மனிதர் தேவைப்பட்டார். வெகுகாலம் அதைத் தன்னார்வலர்கள்தான் செய்தார்கள். 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், இது உதவி அல்ல, உரிமை என்றது. 1993 ஜூலைக்குள் நாடு முழுக்க இந்தச் சேவை கிடைக்க வேண்டும் என்றும் கெடு வைத்தது. 2001 முதல் 711 என்ற எண்ணை அழுத்தினால் எந்த மாநிலத்திலும் ரிலே கிடைக்கும்.

பயன்படுத்துபவர் தனிக் கட்டணம் தர வேண்டாம். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகிறது. வீடியோ, இணையம் வழியான சேவைகளுக்கு, பேச்சு நடந்த நிமிடங்களை எண்ணி அந்த நிதியிலிருந்து நிறுவனங்களுக்குப் பணம் தரப்படுகிறது. மேற்பார்வை எஃப்.சி.சி. என்ற மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்துடையது.

சிக்கலே இங்குதான். மொழிபெயர்ப்பாளர் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது. அழைப்பு முடிந்த பிறகு பேச்சின் பதிவு எதையும் வைத்திருக்கக் கூடாது. இது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டியதும்தான். புற்றுநோய் பரிசோதனை முடிவை, மகனோடு போட்ட சண்டையை, ஒரு அந்நியரின் கை வழியாகத்தான் ஒருவர் பேசியாக வேண்டும் என்றால், அந்தக் கை எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்ற உறுதி அவருக்கு வேண்டும். ஆனால் பேச்சை யாரும் திரும்பக் கேட்க முடியாது என்றால், நடந்தது உண்மையான பேச்சுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த ஓட்டையைச் சிலர் நன்றாகவே பயன்படுத்தினார்கள். 2009 நவம்பரில் 26 பேர் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. அப்போது வீடியோ ரிலேவுக்கு மணிக்குச் சுமார் 390 டாலர் கிடைத்துவந்தது. ஆட்களுக்குக் காசு கொடுத்து அழைக்கச் சொல்லி, பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஓடவிட்டு, பார்க்க ஆளே இல்லாமல் சைகை செய்ய வைத்து நிமிடங்களை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் நேரம் வாங்கக் காத்திருந்தவருக்குக் கிடைக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் அந்த நேரத்தில் வெற்றுத் திரையைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு அந்தப் பணத்தைவிடப் பெரிய திருட்டாகப் படுகிறது.

2011இல் விதிகள் இறுகின. அதற்கு முன் தகுதி பெற்ற நிறுவனத்தின் நிழலில் வேறு சிலர் தங்கள் பெயரில் சேவை நடத்திக் காசு வாங்க முடிந்தது. அந்த வழி மூடப்பட்டது. நிதியிலிருந்து பணம் வேண்டுமா, சரி, ஆணையத்திடம் நேரடியாகச் சான்றிதழ் வாங்கு என்றார்கள். விண்ணப்பத்தில் உரிமையாளர்கள் யார், அழைப்பு மையம் சொந்தமா வாடகையா, அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் கருவி யாருடையது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், புகார்களை எப்படிக் கையாளுவார்கள் என்று எல்லாவற்றுக்கும் ஆவணம் வைக்க வேண்டும். ஆணையத்தின் ஆட்கள் நேரில் வந்தும் பார்க்கலாம். சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குத்தான். அப்புறம் மறுபடி நிரூபிக்க வேண்டும். நிமிடக் கணக்கோடு பணம் கேட்கும்போதெல்லாம், இது உண்மை, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று நிறுவனத்தின் மேல்மட்ட அதிகாரி உறுதிமொழி தர வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் சம்பளத்தை நிமிடக் கணக்கோடு கட்டிவைக்கவும் தடை வந்தது.

பேச்சைத் தொடாமலே கண்காணிக்கும் வழியும் பிறந்தது. பேசியது என்ன என்பது ஒரு நொடிகூட மிஞ்சாது. ஆனால் அழைப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எந்த மையம், எந்த மொழிபெயர்ப்பாளரின் அடையாள எண் என்பதையெல்லாம் கணினி தானாகவே குறிக்கும். அந்தக் குறிப்பை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஒரே எண்ணுக்கு மணிக்கணக்கில் அழைப்பு போனால், உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாமலே சந்தேகம் எழும்.

மோசடியைத் தடுத்தால் மட்டும் போதாது, சேவையும் ஒழுங்காக நடக்க வேண்டும். 80 சதவீத வீடியோ அழைப்புகளை 120 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும். தட்டச்சு ரிலேயில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் கருவியிலிருந்து வரும் அழைப்பையும் மறுக்கக் கூடாது. 2008 கடைசியில் பயன்படுத்துபவர் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் பதிவு செய்த முகவரியும் வந்த பிறகுதான், 911ஐ அழைத்தால் சரியான ஊரின் அவசர மையத்துக்கு அழைப்பு போவது உறுதியானது. அதற்கு முன் வீடு தீப்பற்றினாலும் முதலில் எந்த ஊர் என்று சைகையில் விளக்க வேண்டியிருந்தது.

இப்போது நடுவில் இருந்த மனிதரே விலகத் தொடங்கியிருக்கிறார். முதிய வயதில் காது மந்தமானவர்கள் அதிகம் பயன்படுத்தும் எழுத்துத் தொலைபேசியில், மறுமுனைப் பேச்சை எழுத்தாக்கும் வேலையைக் கணினி மட்டுமே செய்யலாம் என்று ஆணையம் 2018இல் ஏற்றது. கணினிக்குத் தூக்கம் வராது, பகலில் பேசியதை இரவில் யாரிடமும் சொல்லவும் செய்யாது. ஆனால் மருந்தாளுநர் சொன்ன "பதினைந்து மில்லிகிராம்" திரையில் "ஐம்பது" என்று விழுந்தால்? அதனால்தான் காது கேளாதோர் அமைப்புகள், எவ்வளவு துல்லியம், எவ்வளவு தாமதம் என்று அளந்து பார்த்துச் சான்றிதழ் கொடுங்கள் என்று ஆணையத்திடம் கேட்டு வந்திருக்கின்றன.