முன் ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது வில்லின் விசை எங்கே இருக்கிறது?

பெங்களூரு அல்சூரில், எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், என் அண்ணன் மகன் தன்னுடைய பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரின் முன் ஸ்ட்ரட்டுகளையும் சுருள்வில்களையும் தானே மாற்றப்போவதாகச் சொன்னபோது, நான் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் வில்லின் விசையைத் தாங்கிக்கொண்டிருப்பது எது? இதற்குத் தடுமாறாமல் விடை சொல்லத் தெரிந்தவர் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்றும், தெரியாதவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே கூடாது என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

சுருள்வில், அதன் நடுவே செல்லும் ஷாக் அப்சார்பர், சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூண் ஆகிய மூன்றும் ஒன்றாக இணைந்த அமைப்பே ஸ்ட்ரட். 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் சிறிய கார் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த ஏர்ல் மக்பெர்சன், அத்திட்டம் கைவிடப்பட்டபின் 1947இல் ஃபோர்டுக்குச் சென்று இந்த அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு கான்சல் காரில் இது இடம்பெற்றது. குறைந்த பாகங்களும் குறைந்த இடமும் போதும் என்பதால், நம் ஊர் மாருதி 800 முதல் போர்ஷே 911 வரை இதே ஏற்பாட்டை முன்சக்கரங்களுக்குப் பயன்படுத்தின. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கொண்ட இரு கார்களும் இந்த ஓரிடத்தில் உறவினர்களாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

வில்லின் வேலையைக் கணக்காகவே பார்ப்போம். முன்மூலை ஒன்றில் 350 கிலோ எடை இறங்குகிறது என்றும், வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 25 நியூட்டன் விசை தேவை என்றும் வைத்துக்கொண்டால், கார் தரையில் நிற்கும்போது வில் தன் இயல்பான நீளத்திலிருந்து ஏறக்குறைய 14 செ.மீ. அமுங்கியிருக்கும். இதே வில்லும் எடையும் மட்டும் இருந்தால், ஒரு ஹம்பை, அதாவது வேகத்தடையைத் தாண்டிய கார் நொடிக்கு சுமார் 1.3 முறை என்ற கணக்கில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் பிஸ்டனிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கித் தள்ளப்படும்போது, அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டின் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் இந்த அடக்கும் திறன் தளர்ந்துவிடும். பெங்களூரில் தெருவுக்குத் தெரு ஹம்ப் இருப்பதால், தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுபவருக்கு இது விரைவில் தெரிந்துவிடுகிறது.

இப்போது காரை ஜாக்கியால் தூக்கி, ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுகிறோம். (ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காரின் அடியில் கையை நீட்டக் கூடாது.) சக்கரம் தொங்கியதும் வில் நீள்கிறது; ஆனால் முழுவதும் நீள முடிவதில்லை. ஸ்ட்ரட்டின் தண்டு தன் எல்லையை எட்டிவிடுவதால், நம் கணக்கில் இன்னும் 5 செ.மீ. அமுக்கம் வில்லில் எஞ்சியிருக்கிறது என்று கொண்டால், அது ஏறத்தாழ 125 கிலோ எடைக்கு இணையான விசை. அதைத் தடுத்து வைத்திருப்பது தண்டின் உச்சியிலுள்ள ஒற்றை நட்டு. பானட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று நட்டுகளும் நடுவில் இந்த ஒன்றும் தெரியும். ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து இறக்கச் சுற்றியுள்ளவற்றைக் கழற்ற வேண்டும். வில்லை அமுக்கிக் கட்டும்வரை நடு நட்டைக் கழற்றவே கூடாது.

இறக்குவது ஸ்பேனர் வேலைதான். ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் பிடிப்பிலிருந்து விடுவித்து, பிரேக் காலிப்பர் ஹோஸில் தொங்காதபடி கம்பியால் கட்டி, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளோடு ஸ்ட்ரட்டை இணைக்கும் போல்ட்டுகளின் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுக் கழற்றினால் ஸ்ட்ரட் கைக்கு வந்துவிடும்.

அதற்குப் பின்புதான் விசையை இடம் மாற்றும் கட்டம். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரு திருகுகளை வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இந்தப் பக்கம் அரைச்சுற்று, அந்தப் பக்கம் அரைச்சுற்று என்று மாறிமாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் வில் வளைந்து, கொக்கியிலிருந்து நழுவிவிடும். கூடுதலாக 5 செ.மீ. அமுக்கிய நிலையில் திருகுகள் தாங்குவது சுமார் 250 கிலோவுக்கு இணையான விசை. வில்லில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 125 ஜூல். பத்து கிலோ அரிசி மூட்டை ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். மூட்டையின் வேகத்தைக் கண்ணால் பார்த்து விலகலாம். சில கிலோ எடையுள்ள எஃகுச் சுருள் அதே ஆற்றலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் விடுவித்தால் விலக நேரம் இருக்காது. ஆகவே மின்சார இம்பேக்ட் ரெஞ்சைத் திருகில் வைக்காமல் கையாலேயே சுற்றினோம். வில்லின் இரு முனைகளுக்கும் நேரே எங்கள் முகம் வராதபடி பக்கவாட்டில் நின்றோம். வில்லின் முனையைத் தாங்கும் தட்டுக்கும் வில்லுக்கும் இடையில் தளர்வு தெரிந்து, கையால் வில்லைத் திருப்ப முடிந்தபோதுதான், தண்டை அலன் கீயால் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்றினோம்.

புதியதைப் பூட்டும்போது வில்லின் முனை கீழ்த்தட்டிலுள்ள படியில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், மேலுள்ள பேரிங் தடையின்றிச் சுழல்கிறதா என்று சோதிப்பதும் முக்கியம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் முழுவதும் அந்தப் பேரிங்கின் மேல்தான் திரும்புகிறது. காரைத் தாழ்த்த விரும்பி, முப்பது சதவீதம் விறைப்பான வில்லைப் போட்டால் அதிர்வு வேகம் பதினான்கு சதவீதம்தான் கூடும், ஏனெனில் அது விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் அந்த வில்லை அடக்கப் போதாமல் போகலாம். இரண்டையும் ஒன்றாக, அதுவும் இடமும் வலமுமாக இணையாக மாற்றுவதே நல்லது.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வேலைக்காக, சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தொங்கும் நிலையிலேயே அதை இறுக்கிவிடக் கூடாது. அந்தப் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ், இறுக்கிய கோணத்தையே தன் ஓய்வுநிலையாகக் கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் நிரந்தரமாக முறுக்குண்டு, விரைவில் கிழியும். ஜாக்கியால் ஆர்மை இயல்பான உயரத்துக்குத் தூக்கி, அதன்பின் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும்.

நக்கிள் போல்ட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சக்கரத்தின் சாய்வு மாறிவிடுவதால், நாங்கள் போட்ட பெயின்ட் குறியை மட்டும் நம்பாமல், புதிய வில்கள் அமர்வதற்காகச் சில நாள் காரை நிதானமாக ஓட்டிவிட்டு வீல் அலைன்மென்ட்டுக்கு எடுத்துச் சென்றோம்.