தாத்தா போட்ட டெபாசிட் கேட்பாரற்றுக் கிடக்கிறதா? இப்படித் தேடுங்கள்

வங்கியில் யாரும் கேட்டு வராமல் கிடக்கும் பணத்தை அரசு எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான், போனது போனதுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

10 ஆண்டுகள் வரவு செலவே நடக்காத சேமிப்புக் கணக்கு, முதிர்வுத் தேதி தாண்டி 10 ஆண்டுகளாகியும் எடுக்காத எஃப்.டி, இவற்றில் இருக்கும் தொகையை வங்கிகள் வட்டியோடு ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். 2014-இல் வந்த அந்த நிதியின் பெயர் 'டெபாசிட்தாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி'. டெபாசிட் போடுகிறவர்களுக்குப் பணவிஷயம் சொல்லிக்கொடுப்பதற்கும் அவர்கள் நலனைக் காப்பதற்கும் செலவிடத்தான் இந்த ஏற்பாடு. ஊருக்குப் பாடம் நடத்தும் பணத்தில் உங்கள் தாத்தாவின் பணமும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அது அவர் வாரிசுகளுக்குத் தெரியாமலே போகலாம்.

சரி, திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும். நிதிக்குப் போன பிறகும் கணக்குதாரரோ நாமினியோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், காலக்கெடு கிடையாது. வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து ஈடு வாங்கிக்கொள்ளும்.

எந்த வங்கி என்றே தெரியாதவர்களுக்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. செல்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு, கணக்குதாரர் பெயரோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி இதில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம், கட்டணமில்லை. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் தொல்லை, முன்னால் போட்டும் பின்னால் போட்டும், ஆங்கில எழுத்துக்களை மாற்றியும் தேடிப் பாருங்கள், பழைய பாஸ்புக் கிடைத்தால் அதில் இருப்பது போலவே அடியுங்கள்.

இந்தத் தளம் காட்ட மட்டும்தான் செய்யும், பணம் தராது. அதற்கு வங்கிக்குத்தான் போக வேண்டும்: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கணக்குதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், நாமினி இல்லையென்றால் வாரிசு என்பதற்கான ஆவணங்கள். அப்புறம், எல்ஐசி பாலிசி, பி.எஃப், டிவிடெண்ட் எதுவும் இதில் வராது, அவற்றுக்கு வேறு வழிகள்.

'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். வங்கியே இழுத்தடித்தால் முதலில் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், அதற்கும் கட்டணம் கிடையாது.