பீடியை விட்டவருக்கு டீக்கடை வாசலில் என்ன நடக்கிறது

"வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியல டாக்டர். டீ கிளாஸை வாங்கினதும் இன்னொரு கை தானா சட்டைப் பைக்குப் போயிடுது."

பீடியை நிறுத்திய ஐந்தாவது நாள் ஒருவர் என்னிடம் சொன்னது இது. ஐம்பத்தெட்டு வயது, மன்னார்குடிக்குத் தெற்கே ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நிலம். நாற்பது வருடப் பழக்கம், நாளைக்கு ஒரு கட்டு. வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தவர். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) பையில் பீடி இல்லை என்று அவருக்கே தெரியும். இருந்தும் கை போகிறது. அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு பரபரப்பு, வாயில் ஒரு நமநமப்பு. பக்கத்தில் இருப்பவர் பேசுவது எதுவும் காதில் ஏறுவதில்லை. "நாலு பேரு பத்த வைக்கிற இடத்துல நான் மட்டும் எப்படிச் சும்மா நிக்கிறது?" என்று கேட்டார். தோற்றுவிடுவோமோ என்கிற பயம் அவர் குரலில் இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கம் வைத்தியம் பார்க்கிறேன். முதல் சில வருடங்கள் எக்ஸ்ரேயைக் காட்டி, புற்றுநோய், மாரடைப்பு என்று எச்சரித்து, "உடனே விட்டுடுங்க" என்று அனுப்பிவிடுவேன். உண்மையாகவே பயந்துதான் போவார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிறு புகைந்துகொண்டு தொங்கும். அதைப் பார்க்கிற வரைக்கும்தான் அந்தப் பயம். ஏன் விட வேண்டும் என்று சொன்னேன். ஆசை கிளம்புகிற அந்த நேரத்தில் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டேன். அது என் தவறு. இப்போது "எத்தனை பீடி?" என்று கேட்ட கையோடு "எங்கே, எந்த நேரத்தில்?" என்றும் கேட்கிறேன். வைத்தியம் அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்குகிறது.

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தவர்கூட மாலை கழுத்தில் ஏறிய அன்றே நிறுத்திவிடுகிறார். ஒரு மண்டலம் தொடுவதில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் நண்பர்கள் ரமலானில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, புகைக்கு எங்கே போவது? தவக்காலத்தில் நாற்பது நாள் விடுகிற கிறிஸ்தவ நண்பர்களும் உண்டு. "ஆசை வரலையா?" என்று கேட்டால், "வந்துச்சு, ஆனா பெருசா படுத்தல" என்பார்கள்.

அதே உடம்புதான், ஆனால் சுற்றியிருக்கிற எல்லாம் மாறிவிடுகிறது. மாலை போட்டவருக்கு விடியற்காலைக் குளியல், சரணம், வேறு சாப்பாடு. ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது. "ஒரு தம் போடுறியா" என்று யாரும் நீட்டுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றும்போது தை நெருங்கியிருக்கும். சம்பா அறுவடை, அறுப்பு மிஷின் வாடகை, கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பு. பழைய இடம், பழைய ஆட்கள், பழைய கவலை. புகையிலையில் இருக்கிற, பழக்கத்துக்கு அடிமையாக்குகிற நிகோடின் அவர் உடம்பில் தங்கியிருந்த காலம் எப்போதோ முடிந்துபோயிற்று. இருந்தும் பற்ற வைத்துவிடுகிறார். அவரை இழுத்தது அந்த இடம்.

இதைப் புரிந்துகொள்ள நிகோடினைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே டோபமைன் என்கிற ரசாயனம் சுரக்கிறது, ஒரு தெம்பு வருகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல், பதற்றம். அடுத்த பீடி அதைத் தணிக்கிறது. "பீடி பிடிச்சா டென்ஷன் குறையுது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். குறைவதில் பெரும்பங்கு போன பீடி உண்டாக்கிவிட்டுப் போன டென்ஷன்தான். நிறுத்தினால் முதல் 3 நாள் கடுமையாக இருக்கும், முதல் வாரம் முழுக்கச் சிரமம்தான். 3, 4 வாரத்தில் தூக்கமின்மை, கோபம், கவனம் சிதறுவது எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலருக்கு இருமல் கூடும். "விட்டதும்தான் டாக்டர் சளி அதிகமாச்சு" என்று பயந்து வருவார்கள். புகையால் செயலிழந்து கிடந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து அழுக்கை வெளியே தள்ளுகின்றன, அவ்வளவுதான். வாரக்கணக்கில் நீடித்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

நிகோடின் போன பிறகும் மூளையில் ஒரு பதிவு மிஞ்சுகிறது. நாளைக்கு 20 பீடி, ஒவ்வொன்றுக்கும் பத்து இழுப்பு என்று வையுங்கள். நாற்பது வருடத்தில் கிட்டத்தட்ட 29 லட்சம் முறை கை வாய்க்குப் போயிருக்கிறது. டீயோடு, சாப்பாட்டோடு, பம்புசெட்டு மோட்டார் சத்தத்தோடு சேர்ந்து போயிருக்கிறது. அந்தப் பதிவு ஐந்து நாளில் அழியாது. உங்களுக்கு மன உறுதி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு தடவை கிளம்புகிற ஆசை பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், மிஞ்சிப்போனால் 10. நீங்கள் பற்ற வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது இறங்கிவிடும். அந்த ஒன்பது மா விவசாயிக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம், ஆசை வரும்போது மணி பார்ப்பது மட்டும்தான். அடுத்த வாரம் உரக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார்: நாலு நிமிஷம், மூணரை, ஆறு, நாலு. "இவ்வளவுதானா டாக்டர்?" என்றார். அடைமழையில் வயலில் தண்ணீர் ஏறினால் நாம் வரப்பை உயர்த்திக்கொண்டே போவதில்லை, வடிகால் வாயைத் திறந்துவிடுகிறோம். இங்கேயும் அதே வேலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் அந்த நாலு நிமிடத்துக்கு ஒரு வடிகாலை முன்கூட்டியே வெட்டி வைக்க வேண்டும்.

டீக்கடையில் இருந்து தொடங்குவோம். முதல் இரண்டு வாரம் டீயை வீட்டிலேயே குடியுங்கள். முடியாதென்றால் வேறு கடை, வேறு நேரம், அல்லது சுக்குமல்லிக் காபி. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பலருக்கு இது தெரியாது. டீ, காபியில் உள்ள கஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி புகை தூண்டிவிடுகிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். முன்பு குடித்த அதே ஆறு டீ இப்போது ரத்தத்தில் அதிகக் கஃபீனாக நிற்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூக்கம் வராது. "பீடி இல்லாததாலதான் இப்படி" என்று நினைத்துப் பற்ற வைத்துவிடுகிறார்கள். ஆறு டீ குடிக்கிறவர் மூன்றாக்குங்கள். கும்பகோணத்துக்காரர்கள் கோபிக்கக் கூடாது, டிகிரி காபிக்கும் இதேதான். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புகையை நிறுத்தினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மருந்தும் இதே வழியில்தான் கரைகிறது, அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இடம் கக்கூஸ். "பீடி இல்லாம வெளிக்கி வராது டாக்டர்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. பொய்யில்லை, நிகோடின் குடலைத் தூண்டத்தான் செய்யும். சில வாரத்தில் குடல் பழகிக்கொள்ளும். அதுவரை எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், சாப்பாட்டில் கீரை, கொய்யா, ராத்திரி ஒரு வாழைப்பழம்.

சாப்பிட்டு முடித்ததும் வருகிற ஆசைக்கு இலையை விட்டு உடனே எழுந்துவிடுவதும், பல் துலக்குவதும், ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வதும் போதும்.

கொள்முதல் நிலையம்தான் பெரிய சோதனை. நெல்லைக் குவித்துவிட்டு ராத்திரியெல்லாம் காவல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டிவிடுமோ, மழை வந்துவிடுமோ என்று கவலை. கைக்கும் வேலையில்லை. ஒருவர் மடியில் வேர்க்கடலையைக் கட்டிக்கொண்டு போனார், ஆசை வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக உடைத்து உரித்தார். கைக்கு வேலை, வாய்க்கும் வேலை. இன்னொருவர் அந்த நேரத்தில் மகளுக்கு போன் போட்டுவிடுவார். மூச்சுப் பயிற்சியும் உதவும். மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான பாலை ஆற ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுங்கள். பத்துத் தடவை. பீடி கொடுத்த நிம்மதியில் ஒரு பங்கு அந்த ஆழ்ந்த மூச்சு கொடுத்ததுதான், புகை இல்லாமலே அதை எடுத்துக்கொள்ளலாம்.

துக்க வீட்டில் தட்டில் வெற்றிலை, சீவலோடு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் சுற்றி வரும். மறுத்தால் மரியாதைக்குறைவோ என்று தோன்றும். போவதற்கு முன்பே மாமனிடமோ மச்சானிடமோ "நான் விட்டுட்டேன், என் பக்கத்துலயே உக்காருங்க" என்று சொல்லி வையுங்கள். தட்டு வரும்போது அவர் வாங்கித் தள்ளிவிடுவார்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைத் தேடுகிறவர்களுக்கு இதெல்லாம் மட்டும் போதாமல் போகலாம். அவர்களுக்கு மருந்து உண்டு. நிகோடின் மாற்று மருந்து (புகை இல்லாமல் அளவாக நிகோடின் தரும் சூயிங்கம் போன்றவை) 2022இல் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டது. நிகோடின் சூயிங்கம்மை மிட்டாய் போல மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது: வெற்றிலையை அடக்குவது போல அடக்குங்கள். மெதுவாக நாலு மெல்லு, நாக்கில் விறுவிறுப்பு தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். விறுவிறுப்பு போனதும் மறுபடி மெல்லுங்கள், இடம் மாற்றி ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி வேண்டாம், மருந்து சேராது. எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக் கூடாது.

பீடியை விட்டுவிட்டு அந்த இடத்தில் புகையிலை போடத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. உதட்டுக்குள் வைக்கிற பொட்டலமோ, வெற்றிலையோடு போடுகிற புகையிலையோ, இரண்டும் அதே நிகோடின்தான். புகையிலை சேராத வெறும் பாக்கும், சீவலும்கூட வாய்ப்புற்றுநோயைத் தரக்கூடியவை. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் சோம்பு, ஏலக்காய், நெல்லிக்காய்த் துண்டு.

வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்கும் மனைவிமார்களுக்கும் ஒன்று. அந்த முதல் வாரம் அவர் சள்ளென்று விழுவார். "இதுக்கு நீ பீடியே குடிச்சிருக்கலாம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தது போலக் கடைக்குப் போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரோடும் பேச முடியாத நேரத்தில் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடலாம். புகையிலையை விட உதவும் தேசிய ஆலோசனை எண் இது, தமிழிலும் பேசலாம். பாக்கெட் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

ஒன்றைப் பிடித்துவிட்டால்? உங்களை நீங்களே திட்டாதீர்கள். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்று எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர் ஒரு வருடம் பீடி இல்லாமல் இருந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அவர் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அன்றைக்கே பற்ற வைத்துவிட்டார். வெட்கத்தில் இரண்டு வருடம் என் பக்கமே வரவில்லை. வந்தபோது மறுபடி முதலில் இருந்து பட்டியல் போட்டோம். டீக்கடை, சாப்பாடு எல்லாம் கீழேதான் இருந்தன. முதல் வரியில் அவர் எழுதியது: "ராத்திரி காத்து சத்தம்." ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓங்கினால் அவருக்குத் தூக்கம் போய்விடும், கை தீப்பெட்டியைத் தேடும். அவரும் அவர் மனைவியும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காற்றுச் சத்தம் கேட்டால் அவர் தனியாகத் திண்ணைக்குப் போகக் கூடாது, அந்த அம்மாவை எழுப்ப வேண்டும். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்து இரண்டு பேருக்கும் பனைவெல்லம் போட்டுச் சுக்குக் காபி போடுவார்கள்.