துருவை விடுங்கள், மண்ணைப் பாருங்கள்

"முள்ளுதானுங்க டாக்டர், இரும்பே படலீங்க." கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் மனைவி இதை மூன்று முறை சொன்னார். துருப்பிடித்த இரும்பு குத்தினால்தான் டெட்டனஸ் (இரணஜன்னி) வரும் என்பது அவர் நம்பிக்கை. அவர் கணவருக்கு வாய் திறக்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை. பத்து நாள் முன்பு எருக்குழியில் இறங்கியபோது குத்திய முள். ஊக்கால் எடுத்துவிட்டு, சாணிச் சாம்பலை அப்பியிருக்கிறார்கள்.

இதோடு எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! துரு வெறும் துரு. அதில் டெட்டனஸ் கிடையாது. கிருமியின் வித்துகள் மண்ணில் இருக்கின்றன, சாணத்தில் இருக்கின்றன. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடப்பதால் அதற்குக் கெட்ட பெயர். பளபளக்கும் ஊசியும் தென்னமட்டைச் சிம்பும் அதே மண்ணில் கிடந்தால் அதே ஆபத்துதான். ஆழமாய்க் குத்தி, காற்றுப் புகாமல் மூடிக்கொண்ட காயம் போதும்.

உள்ளே நடப்பதை, நார் முறுக்கிக் கயிறு திரிக்கிற நம் ஊரில் சொல்வது சுலபம். நரம்பு நுனியில் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் உண்டு. பையின் மேல் சினாப்டோபிரெவின் என்ற புரதம். நரம்புச் சுவரில் சின்டாக்சின், ஸ்னாப்-25. இவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைச் சுவரோடு இழுத்து ஒட்டவைத்தால்தான் சரக்கு வெளியே கொட்டும். டெட்டனஸ் நஞ்சு சினாப்டோபிரெவினை வெட்டிவிடுகிறது, 1992-இல் கண்டுபிடித்தார்கள். அதுவும் தண்டுவடத்தில், தசையைத் 'தளர்ந்திரு' என்று அடக்கும் நரம்புகளில். பிரேக் போன வண்டி மாதிரி தசைகள் இறுகுகின்றன, முதலில் பெரும்பாலும் தாடை. (பாட்டுலினம் என்ற இன்னொரு கிருமியின் நஞ்சில் பி வகையும் இதே புரதத்தை இதே இடத்தில்தான் வெட்டுகிறது. ஆனால் அது தசையருகிலேயே தங்கிவிடுவதால் உடம்பு துவண்டுபோகும். எனக்கு இன்றும் வியப்புதான்.)

நரம்புக்குள் போன நஞ்சை எடுக்க என்னிடம் மருந்தில்லை. நஞ்சை முறிக்கும் எதிர்ப்புரத ஊசியான இம்யூனோகுளோபுலின் வெளியே திரிவதை மட்டுமே பிடிக்கும். மிச்சத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சிலர் வென்டிலேட்டரில்.

காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாணி, காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பத்து வருஷத்துக்கு ஒரு டெட்டனஸ் தடுப்பூசி (டிடி). அழுக்குக் காயமென்றால், கடைசி ஊசிக்கு ஐந்து வருஷம் தாண்டியிருந்தாலே இன்னொன்று. ஞாபகம் இல்லையா? போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "24 மணி நேரம் தாண்டிடுச்சே" என்று வீட்டிலேயே இருக்காதீர்கள், மூன்றாம் நாளானாலும் வாருங்கள். பெண்களுக்காவது கர்ப்பக் காலத்தில் போட்டிருப்பார்கள். ஆண்களே, பள்ளிக்கூடத்தோடு உங்கள் கணக்கு முடிந்துவிட்டது. வீட்டம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போது உங்கள் கையையும் ஒருதரம் நீட்டுங்களேன்.

ஐந்து வாரம் கழித்து அவர் வீடு திரும்பும் நாளில் அடுத்த ஊசியை எடுத்தேன். "நோயே வந்துட்டுப் போயிடுச்சே, இனி எதுக்குங்க?" என்றார் மனைவி. ஆளைச் சாய்க்கப் போதுமான நஞ்சு, உடம்பு அடையாளம் கண்டு எதிர்ப்பு வளர்க்கக்கூடப் போதாது. அதனால் மறுபடியும் வரலாம் என்றேன். அவர் தன் புடவைத் தலைப்பை விலக்கித் தன் தோளையும் காட்டினார்.