வானைக் கெம்பராக மாற்றி யன்னல் வெட்டுவோர் அறிய வேண்டிய பதிவு விதிகள்

பக்கக் கண்ணாடி இல்லாத சாமான் வானை வாங்கி, நுவரெலியா, பண்டாரவளை, எல்ல என்று தங்கிப் போகும் கெம்பராக மாற்ற நினைப்பவர்கள் முதலில் யன்னல் அளவையே எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது சிஆரை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை. வாகனமும் அந்தச் சான்றிதழும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் வீதியிலும் கந்தோரிலும் கேட்கப்படும் கேள்வி.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வாகனமும் மோட்டார் கார், இரட்டைப் பயன்பாட்டு வாகனம், மோட்டார் லொறி என ஏதோவொரு வகுப்பில் பதியப்படுகிறது. அதோடு உடலின் வகை, ஆசன எண்ணிக்கை, வெற்று நிறை, நிறம் ஆகியவையும் சிஆரில் இருக்கும். யன்னல் வைப்பதால் உடலின் தோற்றம் மாறும். ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் போட்டால் எண்ணிக்கை மாறும். பலகை, பேட்டரி, தண்ணீர்த் தாங்கி ஏற நிறையும் ஏறும். 100 லீற்றர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. இந்த மாற்றங்களை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதகரிடம் வாகனத்தைக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

அறிவிப்பது வெட்டுவதற்கு முன்னரே. வெட்டிய தகரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. சிஆர் பிரதி, நான்கு பக்கப் படங்கள், யன்னல் வரும் இடமும் அளவும் குறித்த வரைபடம் ஆகியவற்றுடன் மாவட்டக் கந்தோரில் கேளுங்கள்; பதிலை எழுத்தில் வாங்குங்கள். லீசிங் வாகனமென்றால் சிஆரில் லீசிங் கம்பனிதான் முழு உரிமையாளர். அவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் கந்தோருக்குப் போவது வீண் அலைச்சல்.

வேலையைக் கராஜில் கொடுத்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். உட்பக்கத் தகட்டைக் கழற்றி, தூணும் குறுக்கு விட்டமும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்த பிறகே கோடு போட வேண்டும். தூணை வெட்டினால் றம்பொடை வளைவுகளில் உடல் முறுகும், கண்ணாடியின் ஒட்டு விடும். மூலைகளில் 10 மி.மீ. துளையிட்டு, வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி, இரும்புக்குரிய நுண்பல் பிளேட் போட்ட ஜிக்சோவால் அறுக்கலாம். கூர் மூலை வேண்டாம்; வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அறுத்த இரும்புத் தூளை அன்றைக்கே முழுதாகத் துடையுங்கள், மலைநாட்டு ஈரத்தில் அது விரைவிலேயே பெயிண்டில் துருப் புள்ளியாகிவிடும். வெட்டு விளிம்புக்குத் துரு எதிர்ப்பு பிரைமர் அவசியம்.

வீட்டுக் கண்ணாடி கூடவே கூடாது. சூடாக்கிப் பதப்படுத்திய டெம்பர்ட் கண்ணாடியை அளவு கொடுத்துச் செய்விக்க வேண்டும், வாங்கிய பின் வெட்ட முடியாது. அதை ஒட்டப் பொலியூரித்தேன் பசை சரி. இரட்டை அக்ரிலிக் கெம்பர் யன்னலுக்கு அந்தப் பசை ஆகாது, அக்ரிலிக் வெடிக்கும். அதன் சட்டத்துக்கு இறுகாத பியூட்டைல் ஒட்டு வேண்டும். இவ்வகை யன்னல் மெல்லிய தகரத்தில் மட்டும் உறுதியாக நிற்காது. யன்னலோடு வரும் தாளில் சொன்ன தடிப்புக்கு உள்ளே மரச்சட்டம் கட்டிக் கொடுக்க வேண்டும். மூடுபனி நேரத்தில் ஒட்டாதீர்கள்: கண்ணுக்குத் தெரியாத ஈரமே ஒட்டைக் கெடுக்கும். பலகை அடிக்க முன் குழாய் நீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சிக் கசிவு பாருங்கள்.

வருமான உத்தரவுப் பத்திரம் ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் எடுப்பது. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்பார்கள். லொறியாகப் பதிந்த வாகனத்துக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, பெறுமதியைத் திருத்தச் சொல்லுங்கள். அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி நட்டஈட்டை மறுக்க அவர்களுக்கு இடமிருக்கிறது.