பள்ளி பக்கத்தில்தான், இடம் இருக்கிறதா?

புறநகரில் புதிதாகக் குடிபோகிறவர்கள் பள்ளி திறக்கும் நேரத்தில் கேட்கிற பதில் இது: "ஒண்ணாம் வகுப்பு நிரம்பிடுச்சு." பள்ளி என்னவோ தெருமுனையிலேயே இருக்கும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி தரவேண்டும். 'அருகமை' என்றால் எவ்வளவு தூரம்? மத்திய அரசின் மாதிரி விதிகளில் 5-ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர். (மாநிலங்கள் தனியே விதி வகுத்திருக்கின்றன, உங்கள் மாநில விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) சிதறிக்கிடக்கும் கிராமங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். காலி மனையெல்லாம் அடுக்குமாடியாகும் இடத்தில் தூரத்தை அளந்து பயனில்லை, தலையைத்தான் எண்ண வேண்டும்.

அதற்கும் அதே விதிகளில் ஒரு வரி உண்டு. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதியில், 6–14 வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட அருகமைப் பள்ளிகளை அமைக்க அரசோ உள்ளாட்சியோ பரிசீலிக்கலாம். 'பரிசீலிக்கலாம்' என்பதுதான் சிக்கல். கையில் கணக்கு இல்லாமல் அந்த வரி அசையாது.

கணக்கு வைக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை அது பராமரிக்க வேண்டும் என்கிறது பிரிவு 9. கைக்குழந்தையும் அதில் அடக்கம். அதாவது, இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு ஒண்ணாம் வகுப்பில் பெஞ்சு வேண்டும் என்பது ஆறு வருடம் முன்பே தெரிந்துவிடும். பதிவேடு ஒழுங்காக இருந்தால் பள்ளி கட்ட அவகாசம் தாராளம்.

இன்னொரு இடத்திலும் கணக்கு ஏமாற்றும். ஒரு தொடக்கப் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பில் 60 பேர், இரண்டில் 40, மூன்றில் 30, நான்கில் 25, ஐந்தில் 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 175. சட்டத்தின் அட்டவணைப்படி 121 முதல் 200 பிள்ளைகள் வரை ஐந்து ஆசிரியர். 150-ஐத் தாண்டினால் ஒரு தலைமையாசிரியரும் சேர்வார். காகிதத்தில் குறையே இல்லை. அந்த 60 பேரும் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வளரும் பகுதியில் நெரிசல் எப்போதும் கீழ் வகுப்பில்தான் தொடங்கும்; மொத்த எண்ணிக்கை அதை மறைத்துவிடும்.

இதை வெளிக்கொண்டுவரப் பெற்றோருக்கு உள்ள கருவி பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதுகாவலர்கள். இந்தக் குழு தயாரிக்கும் மூன்றாண்டு மேம்பாட்டுத் திட்டத்தில் வகுப்புவாரியாக எத்தனை பேர் சேர்வார்கள், எத்தனை அறை, எத்தனை ஆசிரியர் கூடுதலாகத் தேவை என்று காட்ட வேண்டும். போன வருடத்து எண்ணையே நகலெடுத்துப் போட்டுவிடாமல், கட்டி முடியும் நிலையில் உள்ள குடியிருப்புகளையும் எண்ணிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை உங்கள் பிள்ளை காத்திருக்க முடியாதே. வருட நடுவில் வந்தார்கள் என்பதோ, வயதுச் சான்று இல்லை என்பதோ, பழைய பள்ளியின் டிசி தாமதமாகிறது என்பதோ சேர்க்கையை மறுக்கக் காரணம் ஆகாது. மறுத்தால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்; திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் தேதியும் வகுப்பும் இருக்கட்டும். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.